டெஸ்ட்தான் ஸ்பெக்கா, இல்ல வெறும் சரிபார்ப்பா?

தண்டையார்பேட்டை_டெவ்:
திருவொற்றியூர்ல ஒரு கன்டெய்னர் யார்டுக்கு கேட்-இன் (பெட்டி உள்ள வர்றதைப் பதியுற) சாஃப்ட்வேர் எழுதுறோம். கன்டெய்னர் நம்பரோட செக் டிஜிட் (நம்பர்ல தப்பு இருக்கான்னு கண்டுபிடிக்க கடைசியில வர்ற இலக்கம்) பார்க்குற ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எல்லாம் பாஸ். எதிர்பார்க்குற விடையை டெஸ்ட்லயே லூப் போட்டுக் கணக்கிட்டு ஒப்பிடுறோம். "டெஸ்டே ஸ்பெக் (கோடு என்ன செய்யணும்ங்கிற விதி), தனி டாக்குமென்ட் வேணாம்"னு டீம்ல சொல்றாங்க. சரியா?

ராயபுரம்_க்யூஏ:
இது ஸ்பெக்கும் இல்ல, சரிபார்ப்பும் இல்ல தம்பி. கோடுல இருக்குற ஃபார்முலாவையே டெஸ்ட்லயும் எழுதினா, தப்பும் சேர்ந்தே வரும். இதுல வழுக்குற இடம் எழுத்து மதிப்பு, அதாவது எழுத்தை எண்ணா மாத்துறது: ஏ 10, பி 12. 11, 22, 33 மூணையும் தாண்டணும். அதை விட்டுட்டு ரெண்டு பக்கமும் ஒரே டேபிளை இம்போர்ட் பண்ணா டெஸ்ட் பாஸ் ஆகும், கேட்ல டிரெய்லர் நிக்கும்.

ஸ்பெக் இங்க ஐஎஸ்ஓ 6346, கன்டெய்னர் நம்பருக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு. சிஎஸ்கியூயு 305438-ஐ கையால போடுங்க. எழுத்துக்கு 13, 30, 28, 32, அப்புறம் இலக்கங்கள். இடவாரியா 1, 2, 4 என்று 512 வரை பெருக்கிக் கூட்டினா 6185. 11-ஆல வகுத்தா மீதி 3, அதுதான் செக் டிஜிட். அந்த 3-ஐ டெஸ்ட்ல நேரடியா எழுதுங்க.

காசிமேடு_கோடர்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. "ஒரு இலக்கம் மாறினா நிராகரிக்கணும்"னு பொது விதியா எழுதி, ரேண்டம் நம்பரா விட்டுப் பாருங்க. ஃபெயில் ஆகும். மீதி 10 வந்தாலும் செக் டிஜிட் 0-தான். அதனால சிஎஸ்கியூயு 305432-0, சிஎஸ்கியூயு 305430-0 ரெண்டும் செல்லும். முதலாவதுக்கு மீதி 0, அடுத்ததுக்கு 10. கோடுல தப்பே இல்ல, நம்ம விதிதான் ஸ்டாண்டர்டை மீறிக் கேட்குது. மீதி 10 வர்ற சீரியல் நம்பரைத் தவிர்க்கச் சொல்லி ஸ்டாண்டர்டே பரிந்துரைக்குது. ஆனா அப்படி ஒரு பெட்டி கேட்டுக்கு வந்துட்டா உள்ள விடணுமா, எச்சரிக்கை காட்டணுமா? எத்தனை டெஸ்ட் எழுதினாலும் இதுக்குப் பதில் வராது. யார்டு மேனேஜர்கிட்ட கேட்டு ஒரு வரி எழுதி வைங்க, டெஸ்ட் அதுக்கப்புறம்.

தண்டையார்பேட்டை_டெவ்:
நன்றிண்ணா. பழைய வாடகை மாட்யூலுக்கு ஸ்பெக்கே கிடையாது. இப்ப வர்ற பில் தொகையை அப்படியே டெஸ்டா வெச்சிருக்கோம்.

ராயபுரம்_க்யூஏ:
ரீஃபேக்டர் பண்ண (நடத்தை மாறாம கோடை மாத்தி எழுத) அது கட்டாயம் வேணும். ஆனா தனி ஃபோல்டர்ல, பேர்லயே "இப்போதைய நடத்தை"ன்னு போடுங்க. பெட்டி உள்ள வந்த நாள், வாடகை இல்லாத இலவச நாள் கணக்குல சேருதா இல்லையான்றதை அந்த டெஸ்ட் பதிவு மட்டும்தான் பண்ணுது, சரின்னு சொல்லல. அது ஃபெயில் ஆனா கோடைத் திருத்துறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. அப்புறம், கோடுல ஒரு "<"-ஐ "<=" ஆக்கி ஓட்டுங்க. ஒரு டெஸ்டும் ஃபெயில் ஆகலன்னா, அந்த எல்லையை யாரும் சரிபார்க்கலன்னு அர்த்தம்.