ஊடுகல்லா, பிணைகல்லா? – 'த்ரூ ஸ்டோன்' இழைக்கு என் பதில்

வணக்கம் நண்பர்களே,

கல்சுவரின் முன்முகத்திலிருந்து பின்முகம் வரை போகும் நீளக் கல்லை ஆங்கிலத்தில் 'த்ரூ ஸ்டோன்' என்பார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: பிணைப்புக்கல், குறுக்குக்கல், ஊடுகல். நான் ஊடுகல் பக்கம். ஆனால் பிணைப்பையும் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

> எல்லாக் கல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதானே நிற்கிறது? இதற்கு மட்டும் ஏன் தனிப் பெயர்?

செதுக்கி அடுக்கிய கல்லென்றால், இழையில் இப்படிக் கேட்ட ஐயா சொல்வது சரி. எங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மேட்டை வெட்டிய இடத்தில் எழுப்பும் கருங்கல் கட்டு அப்படியில்லை. ஆர்.ஆர். (ரேண்டம் ரபுள்) கட்டு என்பார்களே, செதுக்காத கல்லை அப்படியே அடுக்குவது, அது. கொத்தனார் முன்பக்கம் நல்ல முகமுள்ள கல்லாகப் பொறுக்கி ஒரு வரிசை வைப்பார், பின்பக்கம் இன்னொரு வரிசை. நடுவில் சில்லுக்கல்லும் கலவையும் போட்டு நிரப்பிவிடுவார். பார்ப்பதற்கு ஒரே சுவர். உண்மையில் முதுகோடு முதுகு வைத்து நிற்கும் இரண்டு ஒல்லிச் சுவர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் இறங்கி நடு நிரப்பு இளகினால், முன்முகம் மட்டும் வெளியே வரும். 'சுவரு வயிறு தள்ளிடுச்சு' என்பது இதைத்தான். அப்புறம் ஒரு இரவில் முன்முகம் ரோட்டில் கிடக்கும், பின்முகம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

இதைத் தடுக்கத்தான் முன்முகத்தில் தொடங்கிப் பின்முகம் வரை போகும் ஒரே நீளக் கல்லை ஆங்காங்கே வைப்பது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை 13828, ஒவ்வொரு 600 மி.மீ. உயரத்துக்கும் இந்தக் கல் வேண்டும், பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று 1.2 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்கிறது. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டியத்தின் லாத்தூர் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்களே, அங்கே மண்சாந்தில் கட்டிய தடித்த கல்சுவர்கள் இப்படித்தான் இரண்டு தோலாகப் பிரிந்து விழுந்தன. பிறகு, நின்ற வீடுகளைப் பலப்படுத்தும்போது சுவரில் குறுக்கே துளையிட்டு, உள்ளே கம்பி வைத்து, கான்கிரீட் நிரப்பினார்கள். அதுவும் இதே வேலையைச் செய்வதுதான். 'கான்கிரீட்டை எப்படிக் கல் என்பது' என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஹாலோ பிளாக்கையே நாம் கல் என்றுதானே லோடு எடுக்கிறோம்?

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். குறுக்குக்கல் வேண்டாம். குறுக்குச் சுவர் என்று அறையைப் பிரிக்கும் சுவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் உள்ள கல் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

> ஊடுகல் என்றால் வினைத்தொகை. ஊடிய கல், ஊடுகின்ற கல், ஊடும் கல். கோபித்துக்கொண்டு போகும் கல்லா சுவரைக் காப்பாற்றப் போகிறது?

இந்தக் கிண்டலை ரசித்தேன். ஆனால் ஊடுபயிர் என்றதும் கோபித்துக்கொண்ட பயிரை யாரும் நினைப்பதில்லை. காப்பித் தோட்டத்தில் மிளகு போடுகிறவர்கள் தினமும் சொல்கிற சொல் அது. நெசவில் பாவுக்குக் குறுக்கே ஓடும் நூலுக்கு ஊடை என்று பெயர். இந்தக் குடும்பத்தில் நம் கல்லும் சேர்ந்துகொள்ளட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை இன்னும் யாரும் எழுப்பவில்லை. ஊடு என்றால் இடையே என்றும் பொருள். அப்படிப் பார்த்தால் நடுவில் கொட்டும் சில்லுகூட ஊடுகல்தானே? அந்தச் சில்லுக்கு நிரப்புகல் என்று தனிப்பெயர் வைத்து, இரண்டையும் பக்கம் பக்கமாகப் பதிவு செய்துவிட்டால் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம். ஊடுருவல், ஊடுகதிர் என்ற சொற்களால் 'இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவது' என்ற பொருளும் எல்லோருக்கும் பழக்கம்தான்.

பிணைப்புக்கல் மேல் எனக்குள்ள குறை வேறு. அது கல் என்ன செய்கிறது என்று சொல்கிறது, எவ்வளவு நீளம் என்று சொல்லவில்லை. சுவர்ப் பருமனில் பாதி போகும் கல்லைச் செருகிவிட்டு 'பிணைப்பு வெச்சாச்சு சார்' என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் மறுக்க முடியாது. ஊடுகல் என்று எழுதியிருந்தால், பின்பக்கம் மண் நிரப்பும் முன் போய்க் கல்லின் வால் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஆனால் 600 மி.மீ.க்கு மேல் தடித்த சுவருக்கு அந்த நீளத்தில் கல் கிடைப்பது கஷ்டம். அங்கே இரண்டு மூன்று கற்களை, ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 150 மி.மீ. ஏறி உட்காரும்படி வைப்பது வழக்கம். அந்தத் தொகுப்பில் எந்தக் கல்லும் முழுக்க ஊடுருவுவதில்லை. அதற்குப் பிணைப்புக்கல்லைச் சுருக்கிப் 'பிணைகல்' என்றால் பொருந்தும். சுவரின் இரு முகங்களையும் பிணைக்கும் எல்லாக் கல்லுக்கும் உள்ள 'பாண்ட் ஸ்டோன்' என்ற பொதுப்பெயருக்கும் அதுவே இருக்கட்டும். ஊடுகல் அதில் ஒரு வகை.

பழனி மலைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதியில் வயதான கொத்தனார்கள் இந்த நீளக் கல்லை என்ன பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், ஊடுகல்லை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சுவரில் தண்ணீர் வடிய விடும் ஓட்டைக்கு 'கசிதூம்பு' என்று வந்த யோசனையைத் தனி இழையில் பேசலாம், இதில் கலக்க வேண்டாம்.