பாட்டி வீடு குரூப்: சந்திரன் சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி

காலை 6.12

சுமதி சித்தி: அவர் இப்போதுதான் கேரளா வண்டன்மேட்டிலிருந்து போன் செய்தார். ராத்திரி முழுக்க ஏலக்காய் ஸ்டோரில் விறகுச் சூட்டில் காய் உலர்த்திவிட்டு வெளியே வந்தவருக்கு நெஞ்சை அமுக்குகிற மாதிரி வலியாம், தலை சுற்றுகிறதாம், தலைவலி வேறு மண்டையைப் பிளக்கிறதாம். எதிர் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, யாராவது சொல்லுங்கள்

கம்பம் பெரியப்பா: வாயுதான். கண் விழித்து வெறும் வயிற்றில் கட்டன் சாயா குடித்திருப்பான். ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொல்

செல்வி அத்தை: ஐயோ அண்ணனுக்கா

செல்வி அத்தை: மதினி அழாதீர்கள்

ராஜா மாமா: (பலமுறை பகிரப்பட்டது) தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் மூச்சை இழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கலாம். குறைந்தது பத்துப் பேருக்கு அனுப்புங்கள்

மலர் அக்கா: மாமா அது பொய். அதைப் பார்த்து இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போகிற நேரம்தான் போகும். தயவுசெய்து நீக்குங்கள்

மலர் அக்கா: சித்தி, நான் கேட்பதை மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். வியர்க்கிறதா? வலி இடது கை, தாடை, முதுகு எங்காவது போகிறதா? மூச்சு வாங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒரு பக்கம் கை கால் மரத்ததா? பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா?

ராஜா மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி சித்தி: வியர்வை இல்லையாம். கை வலி இல்லை. பேச்சு தெளிவு. குமட்டுகிறதாம். பிரஷர் மாத்திரை தீர்ந்து போயிற்றாம் மலரு, என்னிடம் சொல்லவே இல்லை இந்த மனுஷன்

கம்பம் பெரியப்பா: வியர்வை இல்லை, கை வலி இல்லை. நான் சொன்னதுதான்

மலர் அக்கா: அப்பா, வியர்வை இல்லை என்பதற்காக இதயம் இல்லை என்று சொல்ல முடியாது. சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் பல நேரம் வியர்வையே இருக்காது, வலியே இல்லாமல் வெறும் தலைச்சுற்றலோடுகூட அட்டாக் வரும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், தலைவலி மூன்றும் சேர்ந்து வந்தால் பல காரணம் உண்டு. மாத்திரை நின்றுபோய் பிரஷர் 180/120க்கு மேல் ஏறியிருந்தாலே மூன்றும் வரும், அதுவே அவசரம்தான். ரத்தம் குறைவாக இருந்தாலும் வரும், சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் வரும், பயத்தில் படபடத்து வேக வேகமாக மூச்சு விட்டாலும் வரும். முதுகைக் கிழிக்கிற மாதிரி வலித்தால் பெரிய ரத்தக்குழாய், திடீரென்று வாழ்நாளில் இல்லாத தலைவலி என்றால் மூளை. இதில் எது என்று குரூப்பில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. முதலில் ஈசிஜி, பிரஷர், சர்க்கரை. பக்கத்தில் எங்கே உண்டோ அங்கே

செல்வி அத்தை: சரி சரி

சுமதி சித்தி: டீக்கடையில் ஒருவர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை தருகிறாராம், போடலாமா

மலர் அக்கா: வேண்டாம்!! தலைச்சுற்றலோடு இருக்கும்போது பிரஷர் பார்க்காமல் அதைப் போட்டால் சட்டென்று இறங்கி மயங்கி விழுவார். ஆஸ்பிரினும் வேண்டாம், இவ்வளவு தலைவலி இருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்

காலை 6.24

கம்பம் பெரியப்பா: கீழே இறக்கி வந்துவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கேதான் செல்லும். தேனி க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் நமக்குத் தெரிந்தவர்கள் உண்டு

ராஜா மாமா: மச்சான் சொல்வது சரி, கேரளாவில் பாஷை தெரியாமல் அலைய வேண்டும்

மலர் அக்கா: கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் ஜீப்பில் குலுங்கி வர வேண்டாம். கட்டப்பனை தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போகட்டும். அட்டையை அப்புறம் பார்க்கலாம்

பிரபு: நான் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு தாண்டிவிட்டேன். அவர்களை இறக்கிவிட்டு நேரே சித்தப்பாவிடம் போகிறேன்

சுமதி சித்தி: நீ நல்லா இருப்பப்பா

செல்வி அத்தை: கிணற்றுத் தோட்டத்தை விற்காமல் இருந்திருந்தால் அண்ணன் ஏன் மேலே போய் ராத்திரி ராத்திரி கண் விழிக்க வேண்டும். நான் அப்போதே சொன்னேன்

கம்பம் பெரியப்பா: யார் கல்யாணத்துக்கு விற்றது செல்வி

ராஜா மாமா: இப்போது எதற்கு அந்தப் பேச்சு

செல்வி அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லை

ராஜா மாமா: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குச் சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி

கம்பம் பெரியப்பா: அவன் நல்லாகி வரட்டும் மாப்பிள்ளை. நான் ஒரு மாமன் இல்லையா

செல்வி அத்தை: சின்ன அண்ணன் மடிதான்

காலை 6.41

பிரபு: வந்துவிட்டேன். முகம் வெளிறி இருக்கிறார், ஆனால் வெளியே உட்கார்ந்ததில் கொஞ்சம் தேவலை என்கிறார். டீக்கடைச் சேட்டன் கொரோனா சமயத்தில் வாங்கிய கிளிப்பை விரலில் மாட்டினார், ஆக்சிஜன் 98 காட்டுகிறது. அப்படியென்றால் நல்லதுதானே அக்கா

மலர் அக்கா: இரு. வெளியே வந்ததும் தேவலையா? ஸ்டோருக்குள் என்ன நடந்தது? மழைக்குக் கதவை மூடி வைத்தார்களா? உள்ளே வேறு யாராவது இருந்தார்களா?

பிரபு: மழைக்கு எல்லாவற்றையும் மூடித்தான் வைப்பார்கள். விறகு தள்ளுகிற ஒடிசா பையன் ஒருவன். ராத்திரி வாந்தி எடுத்தான், தலை வலிக்கிறது என்று அடுப்புப் பக்கத்து ரூமில் படுத்துவிட்டான் என்கிறார்

மலர் அக்கா: அவன் இப்போது எங்கே

பிரபு: உள்ளேதான். தூங்குகிறான்

மலர் அக்கா: பிரபு உடனே அவனை வெளியே கொண்டு வா. முதலில் எல்லாக் கதவும் ஜன்னலும் திற, இரண்டு பேராகப் போங்கள், உள்ளே நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். எழுப்ப முடியாவிட்டால் தூக்கி வாருங்கள். யாராவது 108க்கு அடியுங்கள். இப்போதே

செல்வி அத்தை: என்ன மலரு

சுமதி சித்தி: என்னம்மா ஆச்சு

கம்பம் பெரியப்பா: என்ன விஷயம் சொல்லு

மலர் அக்கா: விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு உண்டு. நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஸ்டோரில் புகை இரும்புக் குழாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ கரி அடைத்தாலோ புகை கூடத்துக்குள்ளேயே திரும்பும், அதோடு கதவும் மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு பேருக்கும் தலைவலி, குமட்டல், வெளியே வந்தால் தேவலை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த வாயு ரத்தத்தில் ஆக்சிஜனுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்துக்கு ஆக்சிஜன் போதாமல் நெஞ்சு வலிக்கும். விரலில் மாட்டுகிற கிளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, நல்லா இருக்கிற மாதிரி 98 காட்டும். அதை நம்பி யாரும் ஓமத்தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள் அப்பா

கம்பம் பெரியப்பா: சரிம்மா

செல்வி அத்தை: பையன்?

சுமதி சித்தி: பிரபு போனை எடுக்க மாட்டேன் என்கிறான்

ராஜா மாமா: வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பான்

காலை 6.58

பிரபு: தூக்கி வந்துவிட்டோம். கண் திறக்கிறான், தள்ளாடுகிறான், பெயர் கேட்டால் சொல்கிறான். 108 வர நேரம் ஆகும் என்கிறார்கள். இருவரையும் ஜீப்பிலேயே கட்டப்பனைக்குக் கொண்டு போகிறேன்

மலர் அக்கா: ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டு. இருவரையும் நடக்க விடாதே. அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது: நெஞ்சு வலி, மூடிய விறகு ஸ்டோரில் ராத்திரி முழுக்க இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. இதைச் சொன்னால்தான் ஆக்சிஜன் மாஸ்க் வைப்பார்கள். சும்மா காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும், மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். ஈசிஜியும் கட்டாயம் எடுக்கச் சொல், பிரஷர் மாத்திரை நிறுத்தியதையும் சொல்

பிரபு: சரி

ராஜா மாமா: அந்தப் பையன் வீட்டில் யாருக்குச் சொல்வது

செல்வி அத்தை: பாவம் எந்த ஊர்ப் பிள்ளையோ

கம்பம் பெரியப்பா: ஸ்டோர் முதலாளிக்கு நான் போன் போடுகிறேன்

காலை 8.20

பிரபு: இரண்டு பேருக்கும் மாஸ்க் வைத்துவிட்டார்கள். சித்தப்பா பிரஷர் 170/100. ஈசிஜியில் பெரிய மாற்றம் இல்லையாம், இன்னொரு முறை எடுப்பார்களாம், ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் மலையாளத்தில் சொன்னது பாதிதான் புரிந்தது, நர்ஸ் சேச்சி தமிழில் சொன்னார்

மலர் அக்கா: முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் ரத்தத்தில் ட்ரோபோனின், அதாவது இதயத் தசை அடிபட்டால் ஏறுகிற சத்து, பார்த்து, இடைவெளி விட்டு மறுபடி எடுத்த பிறகுதான் இதயம் இல்லை என்று முடிவு செய்வார்கள். அதுவரை எழுந்து வீட்டுக்கு வருகிறேன் என்று கிளம்ப விடாதே

பிரபு: இப்போதே கேட்டுவிட்டார். ஸ்டோரில் காய் கருகிவிடும் என்கிறார்

சுமதி சித்தி: காய் கருகட்டும்

கம்பம் பெரியப்பா: முதலாளி குழாயைப் பார்க்கிறேன் என்கிறார். எப்போது என்று கேட்டால் அறுவடை முடியட்டும் என்கிறார்

மலர் அக்கா: அறுவடை முடியும் வரை யாரும் அங்கே படுக்கக் கூடாது அப்பா. குழாயை மாற்றிய பிறகுதான் சித்தப்பா அங்கே கால் வைக்க வேண்டும், வேறு பையனை வைத்தாலும் இதே கதைதான். மறுபடி பேசுங்கள்

கம்பம் பெரியப்பா: பேசுகிறேன். நேரில்தான் பேச வேண்டும்

செல்வி அத்தை: நேரில் போனால் சண்டை போடாமல் பேசுங்கள்

ராஜா மாமா: சமையல்காரர் கேட்கிறார். ஞாயிறு உண்டா இல்லையா

செல்வி அத்தை: தள்ளி வைக்கலாமா

கம்பம் பெரியப்பா: சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லு

ராஜா மாமா: சாயங்காலம் சொன்னால் அட்வான்ஸ் போய்விடும் மச்சான்

சுமதி சித்தி: பிரபு, கம்பம்மெட்டு வழியாக அடுத்து ஏதாவது வண்டி மேலே வருகிறதா? துணிமணியும் பழைய மாத்திரைச் சீட்டும் எடுத்துக்கொண்டு நிற்கிறேன்

மலர் அக்கா: பழைய ஈசிஜி இருந்தால் அதையும் எடுங்கள் சித்தி. அலமாரி மேலே எக்ஸ்ரே கவரில் இருக்கும்