கண்மாயில் படகின் ஸ்டீயரிங் இறுகிவிட்டால் எஞ்சினை அணைப்பது சரியா?

கேள்வி: சோழவந்தான் பக்கத்துக்காரர்

மழைக்கால மீட்புப் பணிக்காக எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து வாங்கிய ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் வெளியே மாட்டும் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் பொருத்தியிருக்கிறோம். ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் செல்கிறது. அண்மையில் கண்மாயில் பயிற்சி செய்தபோது, இடப்புறம் திரும்பிய நிலையிலேயே ஸ்டீயரிங் இறுகிவிட்டது. ஓட்டியவர் உடனே எஞ்சினை அணைத்தார். ஆனால் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழிந்துகொண்டிருந்ததால், படகு அந்தப் பக்கமாகவே இழுபட்டது. நீருக்கு மேல் தலை நீட்டியிருந்த கருவேல மரத்தில் கயிற்றை வீசிக் கட்டி நின்றோம். அணைத்தது சரிதான் என்று சிலரும், அணைத்திருக்கக் கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். அடுத்த மழைக்குள் தெளிவு வேண்டும். விவரம் அறிந்த பெரியவர்கள் கூறுங்கள்.

பதில்: தெற்குவாசல் மெக்கானிக்

வணக்கம் தம்பி. முதல் வேலை த்ராட்டிலை முழுவதும் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. அணைப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. படகுக்குப் பிரேக் கிடையாது. ரிவர்ஸ் கியர் ஒன்றுதான் அதை நிறுத்தும். கலுங்கோ மடையோ நீரை இழுக்கும் இடத்தில் எஞ்சினை அணைத்தால் அந்த ஒரு வழியும் அடைபடும். ஆனால் படகிலிருந்து யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால், ஒரு நொடியும் யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும். திருகிய நிலையில் இறுகிய எஞ்சின் ஓடினால் படகு வட்டமடித்து, விழுந்தவர் மீதே புரொப்பல்லருடன் திரும்பி வரும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுநர் உடலில் மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, கோளாறு எங்கே என்று பாருங்கள். சக்கரம் லேசாகச் சுற்றியும் எஞ்சின் அசையவில்லை என்றால், கேபிள் அறுந்திருக்கும் அல்லது எஞ்சினோடு சேரும் இணைப்புத் தண்டு கழன்றிருக்கும். சக்கரமே அசையாவிட்டால், பெரும்பாலும் கேபிளின் முனைக்கம்பி, எஞ்சினைப் படகில் பிடித்திருக்கும் குழாய்க்குள் துருவேறி இறுகியிருக்கும். கிரீஸ் காய்ந்து தண்ணீர் புகுந்த வண்டிகளில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். இது ஒரே நாளில் வருவதில்லை. சில காலமாகவே சக்கரம் கனத்திருக்கும். கனம் தெரிந்த அன்றே படகைக் கரையேற்றிவிடுங்கள்.

கிரீஸ் அடிக்கும்போது முனைக்கம்பி முழுவதும் உள்ளிழுத்த நிலையில் இருக்க வேண்டும். அது வெளியே நீண்டிருக்கும்போது அடித்தால், உள்ளே நிறைந்த கிரீஸே கம்பியைத் தடுத்து நிறுத்திவிடும். ஏற்கெனவே இறுகிய கேபிளைச் சுத்தியலால் தட்டி விடுவித்து மீண்டும் ஓட்ட வேண்டாம், புதிது மாற்றுங்கள்.

பதில்: தொண்டி படகுக்காரர்

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு, தண்ணீரில் இருக்கும்போது செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். இழுப்பு இருக்கும் இடம் என்றால் பழுது பார்க்க உட்காரும் முன்பே நங்கூரம் இறங்கிவிட வேண்டும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இருந்தால்தான் நங்கூரம் தரையைப் பிடிக்கும். 10 அடி ஆழத்துக்கு 50 முதல் 70 அடி. அதை முன்பக்கமான அணியத்தில்தான் கட்ட வேண்டும். எஞ்சின் இருக்கும் பின்பக்கம் தாழ்வானது. அங்கே கட்டினால் எதிர்த்து வரும் நீர் உள்ளே ஏறிப் படகை மூழ்கடித்துவிடும்.

படகு நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு, இணைப்புத் தண்டின் நட்டைக் கழற்றினால், கேபிள் இறுகியிருந்தாலும் எஞ்சின் தன்னிச்சையாகத் திரும்பும். அதை நேராக நிறுத்தி இருபுறமும் கயிற்றால் கட்டுங்கள். பிறகு மிகக் குறைந்த வேகத்தில் முன்னே செலுத்தி, திரும்ப வேண்டிய பக்கத்தில் கயிறு கட்டிய வாளியை நீரில் இழுபடவிட்டால் படகு அந்தப் பக்கம் திரும்பும். துடுப்புப் போட ஆள் இருந்தால் இன்னும் எளிது. வேகத்தைக் கூட்டவே கூடாது; கட்டு அவிழ்ந்தால் எஞ்சின் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அந்த நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், படகிலேயே கயிற்றில் கட்டிக் கிடக்க வேண்டும்.

நிலைமை கைமீறும் என்று தோன்றினால் கண்மாயில் தீயணைப்பு மீட்புத் துறையின் 101-ஐயும், கடலில் கடலோரக் காவல் படையின் 1554-ஐயும் தாமதிக்காமல் அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்டீயரிங்கையே எடுத்துவிட்டு, எஞ்சினில் கைப்பிடி பொருத்தி ஓட்டலாமா என்றும் யோசிக்கிறோம். அது பாதுகாப்பானதா?

பதில்: தெற்குவாசல் மெக்கானிக்

25 குதிரைத்திறனுக்கு அது நல்ல ஏற்பாடுதான். கேபிளே இல்லாததால் இறுகுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் எஞ்சின் மாடலுக்கு உரிய கைப்பிடி கிடைக்கிறதா என்று பாருங்கள். வேறு மாடலுக்குரியதை வெல்டு வைத்துப் பொருத்தாதீர்கள். ஓட்டுநர் பின்னால் உட்கார்வதால், ஏற்றிய ஆட்கள் அவர் பார்வையை மறைப்பார்கள். கருவேல மரங்கள் மூழ்கிக் கிடக்கும் கண்மாயில் முன்னே ஒருவர் கழியோடு இருந்து வழி சொல்லியே ஆக வேண்டும்.

கேபிளையே வைத்துக்கொள்வதானால், இணைப்புத் தண்டின் நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய நட்டைப் போடுங்கள். பழைய நட்டில் பிடிமானம் குறைந்து, ஓட்டத்தின் அதிர்விலேயே கழன்றுவிடும்.