ரேஸ் முடிஞ்ச குதிரைங்களுக்காக நிதி திரட்டினவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஓய்வு பெற்ற ரேஸ் குதிரைங்கள வச்சுப் பாத்துக்கற ஒரு காப்பகத்துக்கு நான் ரொம்ப நாளா நிதி திரட்டிக்கிட்டு இருக்கேன். இந்த வேலைல இருக்கறவங்க எல்லாரும் ஒரு விஷயத்துல வந்து முட்டிக்குவோம், அதத்தான் பேசணும்னு இத ஆரம்பிக்கறேன். குதிரைய மீட்கறதுக்குப் பணம் வந்துரும், மீட்டதுக்கு அப்புறம் அது வாழற வருஷங்களுக்குத்தான் வராது.

"கறிக்குப் போகப்போகுது, நாளைக்குள்ள பணம் கட்டணும்"னு ஒரு போட்டோ போட்டுப் பாருங்க, முன்னப்பின்ன தெரியாதவங்க கூட ராத்திரி உக்காந்து பணம் அனுப்புவாங்க. சரி, வண்டில ஏத்திக் கொண்டுவந்து இறக்கியாச்சு, அப்புறம்? தோரோபிரெட்ங்கற ரேஸ் ஜாதிக் குதிரை ரெண்டு வயசுலயே ஓட ஆரம்பிச்சுரும், முக்காவாசி ஆறேழு வயசுக்குள்ள களத்த விட்டு வெளிய வந்துரும், ஆனா நல்லா பாத்துக்கிட்டா 25, 30 வயசு வரைக்கும் இருக்கும். 450லேந்து 500 கிலோ எடை உள்ள உசுரு, தினம் எட்டு பத்து கிலோ காஞ்ச புல்லு வேணும், ஆறுலேந்து எட்டு வாரத்துக்கு ஒருக்கா குளம்பு வெட்டணும், பூச்சி மருந்து, தடுப்பூசி, இதுபோக வருஷத்துக்கு ஒருதடவையாவது பல்ல ராவணும், ஏன்னா குதிரைக்குப் பல்லு மேல மேல வந்துக்கிட்டே இருக்கும், ஓரம் கூராகி கன்னத்தயும் நாக்கையும் கிழிச்சுரும். பல்லு ராவணும்னு சொல்லி பணம் கேட்டா யாரும் அழுறதில்ல, அதான் பிரச்சனை.

எங்ககிட்ட ஒருத்தன் இருக்கான், முன்னங்கால்ல டெண்டன், அதான் தசைநாண், கிழிஞ்சு ஓட்டத்த நிறுத்தினவன். முழங்காலுக்குக் கீழ பின்பக்கம் கைய வச்சு மெதுவா இறக்கினா ஒரு எடத்துல கெட்டியா புடைச்சுக்கிட்டு நிக்கும். வலி இல்ல, ஆனா அந்தக் கால் இனிமே வேகத்தத் தாங்காது. வந்த புதுசுல கதவுகிட்ட நின்னு எடப்பக்கம் வலப்பக்கம்னு எடைய மாத்தி மாத்தி ஆடிக்கிட்டே இருப்பான், வருஷக்கணக்கா நாள் முழுக்க கொட்டடிலயே அடைஞ்சு கிடந்த பழக்கம் அது. இப்ப புல்லப் புடுங்கி தண்ணித் தொட்டில நல்லா முக்கி ஊற வச்சுதான் திம்பான். அத வேடிக்கை பாக்கவே எனக்கு நேரம் போறது தெரியாது. நன்கொடை கேக்கப் போற எடத்துல எல்லாரும் கேக்கற மொதக் கேள்வி, "இத வச்சு என்ன பண்ணுவீங்க, சவாரி போலாமா?" முடியாதுங்க, அவன் சும்மாதான் இருப்பான்னு நேரடியா சொல்லிருவேன். அதுக்கப்புறமும் மாசாமாசம் தர்றேன்னு சொல்றவங்கதான் கடைசி வரைக்கும் கூட நிக்கறாங்க. உங்க அனுபவம் எப்படி?

———

அக்கா, நான் லாயத்துல குதிரை பாத்துக்கற வேலைல இருந்துட்டு இப்ப ஒரு காப்பகத்துல இருக்கேன். நீங்க சொன்னதோட இன்னொண்ணயும் சேத்துக்கோங்க. ரேஸ்ல இருந்து நேரா வர்ற குதிரை மொத சில மாசம் மோசமாத்தான் ஆகும். தானியத்தக் கொறச்சு புல்லுக்கு மாத்துவோம், பயிற்சி நின்னுரும், அந்த முறுக்கேறின தசையெல்லாம் வடிஞ்சு இடுப்பெலும்பு தெரியும், ரோமம் மங்கிரும். எங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம், பணம் கொடுத்தவருக்குத் தெரியாதே. போட்டோவப் பாத்துட்டு ஒருத்தர் போன்ல அப்படி ஒரு சத்தம் போட்டாரு, "ஜெயிச்சப்போ பளபளன்னு இருந்துச்சு, உங்ககிட்ட வந்து எலும்பாயிருச்சு, என் காசு எங்க போச்சு"ன்னு. அவர் மேல தப்பே இல்ல.

நான் நேர்ல வரச் சொன்னேன். வந்தாரு. வயித்துப் புண்ணப் பத்தி எடுத்துச் சொன்னேன், குதிரைக்கு வயித்துல அமிலம் நாள் பூரா ஊறிக்கிட்டே இருக்கும், மேய்ஞ்சுக்கிட்டே இருக்கறதுக்குன்னே படைச்ச வயிறு அது, அதுல புல்லக் கொறச்சு தானியத்தக் கொட்டி ஓட விட்டா புண்ணாகத்தான் செய்யும், பயிற்சில இருக்கற ரேஸ் குதிரைங்கள்ல பெரும்பாலானதுக்கு அந்தப் புண்ணு இருக்குன்னு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டே அந்தக் குதிரை கழுத்துல கை வச்சாரு, அவன் திரும்பி அவர் சட்டைப் பைய மோந்துட்டு உள்ளங்கைல சூடா மூச்சு விட்டான். அந்த மனுஷன் போற வரைக்கும் அந்தக் கையத் தொடைக்கவே இல்ல. இப்பவும் பணம் வருது அவர்கிட்டேந்து. அதுலேந்து குதிரை வந்த அன்னிக்கே எல்லாருக்கும் சொல்லிருவோம், அடுத்த சில மாசம் மெலியும், பயப்படாதீங்க, இன்னின்ன காரணம்னு. மறைச்சு வச்சு நல்ல போட்டோவா பாத்து போடற எடங்கள் இருக்கு, எனக்கு அது புடிக்கல.

———

நான் பணம் கொடுக்கற பக்கம். பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு குதிரைய ஏத்துக்கிட்டு மாசம் ஒரு சின்னத் தொகை, அது பாட்டுக்கு பேங்க்லேந்து போயிரும். போன வருஷம் என் குதிரை, என் குதிரைன்னுதான் சொல்லுவேன், வயித்து வலி வந்து போயிட்டா. குதிரையால வாந்தி எடுக்க முடியாதாமே, குடல் முறுக்கிக்கிட்டா நேரம் ரொம்பக் கம்மின்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலைல காப்பகத்துலேந்து போன், எப்ப படுத்தா, வெட் எப்ப வந்தாரு, ஏன் ஆப்பரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணாங்க, கடைசில ஊசி போட்டு அனுப்பி வச்சது வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னாங்க. அழுதேன். ஆனா அவங்க அப்படி சொன்னதாலதான் அதே பணம் இப்ப வேற குதிரைக்குப் போய்க்கிட்டு இருக்கு.

———

நல்ல பேச்சு போய்க்கிட்டு இருக்கு. நான் சொல்ல வந்தது ரேஸ் நடத்தறவங்க, குதிரை ஓனருங்க இவங்க பொறுப்பப் பத்தி. பொதுமக்கள் கிட்டயே கையேந்திக்கிட்டு இருக்கறது எனக்கு நியாயமாப் படல. 1986ல அமெரிக்காவோட பெரிய ரேஸான கென்டக்கி டெர்பிய ஜெயிச்ச குதிரை ஃபெர்டினாண்ட், மறு வருஷம் அமெரிக்காவோட சிறந்த குதிரைன்னு விருது வாங்கினவன், இனப்பெருக்கத்துக்குன்னு ஜப்பானுக்கு வித்துட்டாங்க, 2002 வாக்குல அங்க கசாப்புக்குப் போயிட்டான்னு சேதி வந்துச்சு. அப்பேர்ப்பட்ட குதிரைக்கே அந்தக் கதின்னா பேரு தெரியாததுக்கெல்லாம் என்ன ஆகும்? அந்த அதிர்ச்சில நிறைய பேர் முழிச்சாங்க. பத்திரிகைல சினிமா விமர்சனம் எழுதிக்கிட்டு இருந்த மைக்கேல் ப்ளோவன் கென்டக்கில ஆரம்பிச்ச ஓல்ட் ஃபிரெண்ட்ஸ்ங்கற காப்பகத்துல ஓய்ஞ்சு போன குதிரைங்கள ஜனங்க நேர்ல வந்து பாக்கற மாதிரி வச்சாரு. 1997 டெர்பி ஜெயிச்ச சில்வர் சார்ம் 2014ல ஜப்பான்லேந்து திரும்பி வந்தது அங்கதான். பாக்க வர்றவங்க கேரட் நீட்டிட்டு, கதை கேட்டுட்டு, நன்கொடையும் கொடுத்துட்டுப் போறாங்க. பிரிட்டன்ல ரேஸ் துறையே இதுக்குன்னு 2000ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சுது.

அதனால நாங்க இப்ப குதிரைய எடுக்கறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட உக்காந்து பேசிருவோம். ஜெயிச்சுக் கொடுத்த பணத்துல ஒரு பங்கு, இல்லாட்டி மாசச் செலவுல பாதின்னு எழுதி வாங்கறோம். சிலர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. சிலர் கேக்காமலே தருவாங்க, ஒருத்தர் ரேஸ்ல போட்டிருந்த சேணத்துணிய ஏலத்துக்குக் கொடுத்தாரு. கையில சில மாசத்துக்குத் தேவையான தீவனப் பணம் இல்லாதப்ப புதுசா ஒரு குதிரைய எடுக்க மாட்டோம், மனசு கேக்காதுதான், ஆனா ஏற்கனவே நிக்கறதுங்க பட்டினி கிடக்குமே.

———

மேல சொன்ன அண்ணா, அந்த ஓனர் ஒப்பந்தம் எப்படி எழுதறீங்கன்னு கொஞ்சம் விவரமா போடுங்க, ஓனர் கைமாறினா செலவு யார் தலைல விழும்னுதான் எங்களுக்குக் குழப்பமே. நாங்க வேற ஒண்ணு செஞ்சோம், அதுவும் யாருக்காவது உதவும். "காப்பகத்துக்கு நன்கொடை"ன்னு மொத்தமா கேக்கறத நிறுத்திட்டு செலவ உடைச்சுப் போட்டோம், ஒரு வாரப் புல்லு, ஒரு குளம்பு வெட்டு, ஒரு பல் வைத்தியம்னு. குளம்பு வெட்டுக்கான பணம்தான் முதல்ல முழுசா சேந்துது, எங்களாலயே நம்ப முடியல. வெட்டி முடிச்சதும் அந்தக் குளம்பப் படம் புடிச்சு, பணம் கொடுத்தவங்களுக்கு அன்னிக்கே அனுப்பிருவோம். பல்லுக்குத்தான் இன்னும் ஆள் சேரல, அக்கா சொன்னது சரி.