லிஃப்ட் பாடும் காதல் பாட்டு: எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருவரும் ஆடவில்லை

சதுர_அலை கேட்டது:

வணக்கம். தனியாக எலக்ட்ரோ-பாப் செய்துகொண்டிருக்கிறேன். எழுதுவது, பாடுவது, மிக்ஸ் செய்வது எல்லாம் நானே. ஒரு லேப்டாப், 25 கீ உள்ள சின்ன மிடி கீபோர்டு, ஒரு ஹெட்ஃபோன். அவ்வளவுதான் ஸ்டூடியோ.

புதுப் பாட்டை ஒரு லிஃப்ட் பாடுகிறது. தினமும் நான்காம் மாடியில் இறங்கும் ஒருவர் மேல் அதற்குக் காதல். அவரோ உடம்பைக் குறைக்கப் படியேறத் தொடங்கிவிடுகிறார். பல்லவி முழுக்க "கதவு மூடுகிறது, கதவு மூடுகிறது" என்பது மட்டும்தான், வோகோடரின் இயந்திரக் குரலில். லிஃப்ட் மேலே போகும்போது ஆர்பெஜியோவும் (ஒவ்வொன்றாக ஓடும் சுரங்கள்) மேலே போகும்.

வேகம் 118 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 118 தட்டு. ஜூனோ-60 என்ற பழைய சிந்தசைசர் போல ஒலிக்கும் பிளகினில் (மென்பொருள் கருவி) கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), 808 என்ற பழைய டிரம் மெஷினின் டிரம்ஸ். 80-களின் பழைய வாசனை வரட்டும் என்று கேசட் இரைச்சல், இசைத்தட்டுக் கீறல் சத்தம், சுருதியை லேசாகத் தள்ளாட வைக்கும் டேப் பிளகின் மூன்றையும் மாஸ்டரில், அதாவது முழுப் பாட்டின்மேலும் போட்டிருக்கிறேன். கிக் (பெரிய டிரம்) விழும்போதெல்லாம் மற்றதெல்லாம் அமுங்கி எழும்படி சைட்செயினும் உண்டு.

கேட்ட எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் ஒரு கால்கூடத் தாளம் போடவில்லை. "செம காமெடி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். இந்த மாதிரிப் பாட்டில் இரண்டும் சேர்ந்து வருமா? டெமோ இணைத்திருக்கிறேன், 3:52 நீளம். தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

---

பாஸ்_பைத்தியம்:

வரிகள் அட்டகாசம். "உன் எடையை மட்டும் எனக்குத் தெரியும்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் 24 பார் (பாருக்கு நான்கு தட்டு) கழித்துத்தான் பாஸ் வருகிறது. இந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 49 நொடி. அதுவரை நான் எதை வைத்து ஆடுவது? அறிமுகத்தை 4 பாருக்குச் சுருக்குங்கள். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

---

பழைய_கீபோர்டு:

பெரியவர் வந்துவிட்டேன். தம்பியா தங்கையா தெரியவில்லை, அதனால் பொதுவாக "நீங்கள்" என்றே வைத்துக்கொள்கிறேன். பல வருடம் மேடையில் கீபோர்டு வாசித்தவன் நான். இந்தக் கருவிகள் புதிதாக வந்த காலத்திலேயே அவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். டெமோவை நல்ல ஸ்பீக்கரில் ஒரு தரம், மட்டமான ஸ்பீக்கரில் ஒரு தரம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று பிளகினையும் கழற்றி எறியுங்கள். நாங்கள் யாரும் இரைச்சலை விரும்பிச் சேர்த்ததில்லை. அதை ஒழிக்கத்தான் டால்பி வந்தது, 1982-ல் சிடி வந்தது. நீங்கள் கேட்டு வளர்ந்தது தேய்ந்த பிரதிகளை. அன்று ஸ்டூடியோவை விட்டு வெளியே போன பதிவு பளிச்சென்று இருந்தது. அதிலும் கேசட் இரைச்சலும் தட்டுக் கீறலும் ஒரே பாட்டில் எப்படி வரும்? தட்டிலிருந்து கேசட்டில் பதிவு செய்த திருட்டுப் பிரதி என்று கதை சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். மாஸ்டரில் சுருதியைத் தள்ளாட வைப்பதுதான் இதில் பெரிய கொடுமை. கார்டு தள்ளாடினால் அழகு, பாஸ் தள்ளாடினால் கால் எதன்மேல் நிற்கும்?

அந்தக் கால ஒலி எங்கிருந்து வந்தது தெரியுமா? இல்லாமையிலிருந்து. ஜூனோ-60-ல் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள்தான் ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆஸிலேட்டர் ஒன்றே ஒன்று. தனியாகக் கேட்டால் மெலிந்துதான் இருக்கும். அந்த மெலிவை மறைக்கத்தான் கோரஸ் வைத்தார்கள், அதுவே அதன் முகவரி ஆகிவிட்டது. உங்கள் பல்லவியில் ஒரே சமயத்தில் ஒன்பது சுரம் கேட்கிறது. பிளகின் ஜூனோவாக இருக்கலாம், வாசிப்பு ஜூனோ இல்லை. பிளகினில் குரல் எண்ணிக்கையை ஆறுக்கு மட்டுப்படுத்திவிட்டு மறுபடி வாசியுங்கள். புதுக் கார்டு வரும்போது பழைய சுரத்தின் வால் அறுபடும். அந்த அறுபடல்தான் நீங்கள் தேடும் வாசனை.

டிரம்ஸும் அப்படித்தான். 1980-ல் வந்த லின் எல்எம்-1, உண்மையான டிரம் ஒலிகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்ட முதல் டிரம் மெஷின். நினைவகம் அப்போது யானை விலை. நீளமாக ஒலிக்கும் சிம்பல்களான க்ராஷுக்கும் ரைடுக்கும் அதில் இடமே இல்லை. எட்டு பாருக்கு ஒரு தரம் நீங்கள் அடிக்கும் க்ராஷை எடுத்துவிட்டுக் கைதட்டல் ஒலியை வைத்துப் பாருங்கள்.

ஸ்னேர் டிரம்முக்கு நீங்கள் கொடுத்திருக்கும் ரிவெர்ப் (அறை முழக்கம்) கோயில் மண்டபம் போல மூன்று நொடி நீள்கிறது. பெரிய ரிவெர்ப் தப்பில்லை, அதை வெட்டத் தெரிய வேண்டும். 1980 வாக்கில் பாடகர்கள் பீட்டர் கேப்ரியல், ஃபில் காலின்ஸ் பதிவுகளில் ஹ்யூ பாட்கம் என்ற பொறியாளர் செய்தது அதுதான். பெரிய அறையின் முழக்கத்தை கம்ப்ரஷனால் தூக்கிவிட்டு, தேய்ந்து மறைவதற்குள் கேட் (ஒலியை அடைக்கும் கருவி) போட்டுப் பட்டென்று மூடிவிட்டார். உங்கள் வேகத்தில் அரைத் தட்டு என்பது சுமார் 254 மில்லி செகண்ட். கேட் அதற்குள் மூடட்டும். அப்புறம் பாருங்கள், அடுத்த தட்டுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று.

இப்போது பாஸ். பல்லவியில் பாஸ் நீளமாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. லிஃப்ட் நிற்கலாம், பாஸ் நிற்கக் கூடாது. கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி, கீழ், மேல் என்று அரைத் தட்டுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாசியுங்கள். கிக் தட்டின்மேல் விழும்போது பாஸின் மேல் சுரம் தட்டுக்கு நடுவில் எட்டிப் பார்க்கும். இடுப்பை ஆட்டுவது அந்த நடு இடம்தான். இன்னும் ஓட்டம் வேண்டுமானால் பாஸ்மேல் 127 மில்லி செகண்ட் டிலே, ஒரே ஒரு எதிரொலி. அது கால் தட்டு. 1977-ல் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மோரோடர் பாடகி டோனா சம்மருக்குச் செய்த "ஐ ஃபீல் லவ்" பாட்டில் மூக் சிந்தசைசரின் பாஸ் அப்படிப் பாய்வதற்கு இந்த டிலேதான் காரணம்.

உங்கள் 808 கௌபெல் (மாட்டு மணி) பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது மணியே இல்லை. சுமார் 540 ஹெர்ட்ஸில் ஒன்று, 800 ஹெர்ட்ஸில் ஒன்று என இரண்டு சதுர அலைகள், அவ்வளவுதான். 540 என்பது சி-க்கும் சி ஷார்ப்புக்கும் சரியாக நடுவில் கிடக்கிறது. 800, ஜி-க்குக் கொஞ்சம் மேலே. ஆக எந்தப் பாட்டில் போட்டாலும் அது யாரோடும் ஒட்டாது. அந்த ஒட்டாமையால்தான் அது வேடிக்கையாக இருக்கிறது. நீங்கள் அதை சுருதி சேர்த்து வைத்திருக்கிறீர்கள்! பழையபடி கோணலாகவே விடுங்கள். லிஃப்டின் மாடி மணிக்கு அதைவிடப் பொருத்தமான ஒலி கிடைக்காது.

கடைசியாக, முக்கியமானது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு "டொய்ங்" வைத்திருக்கிறீர்கள். இப்போது சிரிக்கலாம் என்று கேட்பவரின் விலாவில் இடிக்கிற ஒலி அது. உடனே அவர் நகைச்சுவைத் துணுக்குக் கேட்கும் நிலைக்குப் போய்விடுகிறார், அந்த நிலையில் யாரும் ஆட மாட்டார்கள். ஜெர்மன் எலக்ட்ரானிக் குழு க்ராஃப்ட்வெர்க் 1981-ல் பாக்கெட் கால்குலேட்டரைப் பற்றிப் பாடினார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, தாளம் கடிகாரம். நம் பக்கம் சரண்ஜித் சிங் 1982-ல் 808, பாஸ் வாசிக்கும் 303, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துக்கொண்டு ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். வெளிவந்தபோது கவனிப்பார் இல்லை, 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 303-ல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஸ்லைடை அவர் எவ்வளவு சிரத்தையாக ராகத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். யோசனை விசித்திரமானது, வாசிப்பில் விளையாட்டே இல்லை. உங்கள் லிஃப்டுக்கும் அதன் காதல் உயிர் போகிற விஷயம். அதை நம்பிப் பாடுங்கள். கோணல் வரியில் இருக்கட்டும், தாளம் நேராகப் போகட்டும்.

---

இரவு_டெக்:

பெரியவர் சொன்னதில் முக்கால்வாசிக்குக் கை தூக்குகிறேன். ஆனால் எல்லாமே 1983-ல் முடிந்துவிட்டது போலப் பேசுவது எனக்கு ஒத்துவராது.

நான் டிஜே. ஆட வருகிறவர்கள் எந்த ஒலி எந்த ஆண்டில் வந்தது என்று பார்ப்பதில்லை. சைட்செயின் அழுத்தம் 90-களின் கடைசியில் பிரெஞ்சு ஹவுஸ் நடன இசையோடு பரவியது, சரி. அதற்காக 80-கள் பாணிப் பாட்டில் போடக் கூடாதா? பழைய மெட்டு, புது அடி, இதில்தான் சுவாரசியமே இருக்கிறது. அச்சு அசலாக அந்தக் காலம் வேண்டும் என்றால் நான் அந்தக் காலப் பாட்டையே போட்டுவிட்டுப் போவேனே.

சதுர_அலை, சைட்செயினை எடுக்காதீர்கள். ஆனால் இப்போது அது பேட் (பின்னணியில் நீளும் கார்டுகள்), பாஸ், குரல், கௌபெல் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது. லிஃப்டுக்கு மூச்சிரைக்கிறது. பேடுக்கு மட்டும் 3 டெசிபல் அளவுக்கு விடுங்கள்.

இன்னொன்று: உங்கள் ஹைஹாட் அத்தனையும் ஒரே பலத்தில் அடிக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றைக் குறைத்துவிட்டு, ஸ்விங்கை (இடையில் விழும் அடியைச் சற்றுத் தாமதிக்கும் அளவு) 50-லிருந்து 54 பக்கம் நகர்த்துங்கள். 66 வரை போனால் அது வேறு பாட்டு.

---

பழைய_கீபோர்டு:

பேடுக்கு மட்டும் என்றால் சண்டை இல்லை. பாஸைத் தொடக் கூடாது. ஸ்தாயி மாற்றி வாசிக்கும் பாஸ் கிக்குக்கு ஏற்கெனவே வழிவிட்டுத்தான் நடக்கிறது, அதை மேலும் அமுக்கினால் நடையே கெட்டுவிடும். ஹைஹாட் விஷயம் நான் கவனிக்காமல் விட்டது. டிஜே காது!

---

சதுர_அலை:

எல்லோருக்கும் நன்றி. (பெரியவருக்கு: தங்கைதான்.)

பிளகின்கள் மூன்றும் போய்விட்டன. ஆறு குரலுக்கு மட்டுப்படுத்தியதும் இரண்டாம் சரணத்தில் கார்டையே மாற்றி எழுத வேண்டி வந்தது, இப்போது முன்னைவிட நன்றாக இருக்கிறது. பாஸை மாற்றியவுடன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

இரைச்சல் போனதும் ஒரு புதுத் தலைவலி. வோகோடர் வரி புரியவில்லை. "கதவு" என்பது "அதவு" என்று கேட்கிறது. "மூடுகிறது" ஓரளவு பரவாயில்லை. பல்லவியே அந்த இரண்டு சொல்தான், அதுவும் புரியாவிட்டால் கதையே போச்சு.

---

குரல்_வடிகட்டி:

இது என் ஏரியா. வோகோடரை 1930-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி உருவாக்கியது பாட்டுக்காக இல்லை, பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக. உங்கள் குரலைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு சத்தம் என்று அளந்து, அந்த அளவை சிந்தசைசர் ஒலிமேல் ஏற்றுகிறது. சிந்தில் எந்தப் பட்டையில் ஒலியே இல்லையோ, அங்கே உங்கள் குரல் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் வராது.

ஆ, ஊ போன்ற உயிரொலிகள் கீழ்ப் பட்டைகளிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும், அதனால் "மூடு" பிழைத்துவிட்டது. "க"-வின் தொடக்கம் ஒரு நொடியில் சின்னப் பங்கு நேரம் வெடிக்கும் காற்றுச் சத்தம். அதைப் பிடிக்க சிந்தில் மேல் அலைவரிசைகளும் இரைச்சலும் இருக்க வேண்டும். நீங்கள் ஃபில்டரை மூடிவைத்த மெத்தென்ற ஒலியை கேரியராக (குரல் ஏறும் சிந்த் ஒலியாக) கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஃபில்டரை முழுக்கத் திறந்த ரம்ப அலையைக் கொடுங்கள். அதோடு வெள்ளை இரைச்சல் கொஞ்சம் கலந்துவிடுங்கள் (மேலே எல்லோரும் சேர்ந்து விரட்டிய இரைச்சல்தான், இங்கே அதற்கு வேலை இருக்கிறது). பட்டைகள் 16-க்குக் குறைய வேண்டாம்.

அப்புறம் உங்கள் அசல் குரலில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை மட்டும் வடிகட்டி, வோகோடருக்கு அடியில் மெல்லிசாகச் சேருங்கள். குரல் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் சொல் தெளிந்துவிடும்.

பாடும்போது பாவம் காட்டாதீர்கள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி தட்டையாக, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் கொஞ்சம் அழுத்தி. சுரத்தை சிந்த் பார்த்துக்கொள்ளும்.

---

பாஸ்_பைத்தியம்:

வெளியிடுவதற்கு முன் ஒரு விஷயம். ஸ்பாட்டிஃபை எடிட்டர்களின் பிளேலிஸ்டுக்கு அனுப்ப நினைத்தால் வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டு உள்ளே போயிருக்க வேண்டும். கடைசி நாளில் ஏற்றிவிட்டுப் புலம்பும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. சத்தத்தை முட்டும்வரை தூக்கவும் வேண்டாம். அங்கே இயல்பாகவே -14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

---

சதுர_அலை:

"கதவு" கிடைத்துவிட்டது! ரம்ப அலையும் இரைச்சலும் சேர்ந்ததும் "க" சுத்தமாக விழுகிறது. புது மிக்ஸ் இணைத்திருக்கிறேன், 3:11 தான் இப்போது. கௌபெல் பழைய கோணலுக்குத் திரும்பிவிட்டது. சைட்செயின் பேடில் மட்டும்.

டொய்ங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அவர் முதல் தடவை படிக்கட்டுப் பக்கம் திரும்பும் இடம். அதை நீக்க மனசு வரவில்லை.

---

பழைய_கீபோர்டு:

கேட்டேன், தங்கச்சி. அந்த ஒன்று இருக்கட்டும். ஆனால் ஒரு தட்டு தள்ளி வையுங்கள், ஸ்னேர்மேல் விழுகிறது.