காணி வழக்குக்கும் அரசாங்கம் லோயர் பிடித்துக் கொடுக்க வேண்டுமா?

வெருகலான்:
காசில்லாதவர்களுக்கு லோயர் பிடித்துக் கொடுக்கும் இலங்கையின் சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அவர்களின் காணி வழக்கு போன்ற சிவில் வழக்குகளை அது நடத்துவதற்கு அரசாங்கம் இன்னும் கூடப் பணம் ஒதுக்க வேண்டும். நம் திருகோணமலை மாவட்டத்துக்கு இது அவசரத் தேவை.

உவர்மலை வாசி:
ஆளைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினால் அரசாங்கம் லோயர் கொடுக்கட்டும், சரி. வேலிச் சண்டைக்கு எதற்கு வரிக்காசு? அதைப் பேசித் தீர்க்கத்தானே மத்தியஸ்த சபை இருக்கிறது. லோயர் வந்தால் தவணை தவணையாக இழுபடும். என் மாமா போட்ட பாகப்பிரிவினை வழக்கை இப்போது அவருடைய பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

வெருகலான்:
வேலிச் சண்டைக்குச் சபை போதும் அண்ணா. ஆனால் இரண்டு பக்கமும் இணங்கினால்தான் சபையால் தீர்க்க முடியும். கையில் காணி உறுதிப் பத்திரத்தோடு நிற்பவன் ஏன் இணங்கப் போகிறான்?

மூதூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா 2006இல் இடம்பெயர்ந்தவர். திரும்பி வந்தபோது காணியில் வேறு ஆள். அந்த ஆளே இவர்மேல் வழக்கும் போட்டான். அழைப்பாணையை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு சொன்ன தவணைக்குப் போய் நின்றார். மறுமொழியை எழுத்தில் நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? இவர் பக்கத்தைக் கேட்காமலே, ஒருதலை விசாரணையில் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள் அதை நீக்கக் கேட்டிருக்கலாம். அதுவும் தெரியாமல் போனது.

சொந்தக்காரருக்கு எதிராக 10 வருடம் காணியை வைத்திருந்தவருக்கே அது சொந்தம் என்ற விதி, போரில் ஓடியவர்களை அடிக்கக் கூடாது என்றுதான் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு அது பாதுகாப்பு. அதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

நிலாவெளி அக்கா:
மனைவி, பிள்ளையின் செலவுக்குப் புருஷனிடம் பணம் கேட்கும் தாபரிப்பு வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. புருஷன் லோயரோடு வந்து 'எனக்கு வருமானமே இல்லை' என்கிறான். கைக்குழந்தையோடு நிற்கிறவள் அவனை எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பாள்?

உவர்மலை வாசி:
அதை நான் மறுக்கவில்லை தங்கச்சி. ஆனால் வசதி உள்ளவனும் வருமானம் இல்லை என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறானே? முதலில் அதை நிறுத்தட்டும், பிறகு பணத்தைக் கூட்டலாம்.

வெருகலான்:
வருமானத்தை இறுக்கிப் பார்க்கட்டும், நல்லது. அப்படிப் பார்ப்பதற்கும் உத்தியோகத்தர் வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். அது நடக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க முடியாது அண்ணா, 14 நாள் யாருக்காகவும் நிற்காது. மூதூர் நீதிமன்றம் கூடும் ஒவ்வொரு நாளும் சட்ட உதவி லோயர் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். முதலில் அதற்குப் பணம் கேட்போம்.