வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே அலறுகிறது, தப்பான கண்ட்ரோல் மாட்டிவிட்டேனா?

தஞ்சை_ரேடியோ:
வணக்கம். அப்பா 1990-களில் திருச்சியில் அசெம்பிள் செய்து வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. வால்யூமைத் திருப்பினால் கொரகொரவென்று சத்தம் வந்தது, இடது ஸ்பீக்கர் அடிக்கடி நின்றுபோனது. கண்ட்ரோலைக் கழற்றிக் கடையில் காட்டினேன். முதுகில் எழுத்து அழிந்து 50கே (50 கிலோ ஓம்) மட்டும்தான் தெரிந்தது. அதே மாதிரி ஆறு கால் (இரண்டு ஸ்பீக்கருக்கும் தலா மூன்று) உள்ளதைக் கொடுத்தார்கள், அதில் 'பி50கே' என்று இருக்கிறது. இப்போது கொரகொர இல்லை. ஆனால் குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் ஜன்னல் அதிர்கிறது, அதற்குமேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அம்மா தூங்கிய பிறகு மெதுவாக ஒரு பாட்டுக் கேட்க வழியில்லை. ஒயரிங் தப்பா?

இன்னொன்று: போர்டில் நீல நிறத்தில் சின்னப் பெட்டி, தலையில் பித்தளைத் திருகு. அதைத் திருகிப் பார்க்கலாமா?

பட்டறைக்காரன்:
தம்பி, முதலில் அந்த நீலப் பெட்டியைத் தொடாதீர்கள். அது ப்ரீசெட், ஒருமுறை சரிசெய்து அப்படியே விட்டுவிடும் கண்ட்ரோல். உங்களுடையதில் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டரின் ஐடில் கரண்டை, அதாவது பாட்டு ஓடாதபோதும் ஓடும் கரண்டை, வைக்கும் இடமாக இருக்கும். தொழில் பழகிய காலத்தில் மீட்டர் வைக்காமல் ஒன்றைத் திருகி, ஒரு ஜோடி 2என்3055 டிரான்சிஸ்டர் போயிற்று. வாடிக்கையாளர் முன்னால் நின்ற அந்த நிமிடம் இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது வால்யூம். ஓரக் கால்களின் ஒயர் இடம் மாறியிருந்தால் வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் குறைந்திருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை, சிக்கல் 'பி' என்ற எழுத்தில் இருக்கிறது. பி என்றால் லீனியர். பாதி திருப்பினால் பாதி வோல்ட்டேஜ். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற, பவர் சுமார் பத்து மடங்கு ஏற வேண்டும். அதனால் லீனியரில் எல்லா மாற்றமும் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். 'ஏ' என்பது லாக் (லாகரிதம்), முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும். நடுவில் நிற்கும்போது அது 10 முதல் 20 சதவீதம்தான் விடும். வால்யூமுக்கு அதுதான் வேண்டும். பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ் இதற்கெல்லாம் பெரும்பாலும் பி.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஐரோப்பியச் சாமான்களில் ஏ என்றாலே லீனியர். தண்டு உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்து, சரியாக நடுவில் நிறுத்தி, ஒரு வரிசையின் இடது காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். 25கே பக்கம் காட்டினால் லீனியர், 5 முதல் 10கே காட்டினால் லாக். கழற்றிப் போட்ட பழையதையும் அளந்து பாருங்கள்.

வேலூர்_மோட்டார்:
இதே மாதிரி பி1கே ஒன்றை வைத்து 12 வோல்ட் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கப் பார்த்தேன். கடைசிப் பக்கம் போகும்போது புகை வந்துவிட்டது. ஏன்?

பட்டறைக்காரன்:
இந்தக் கண்ட்ரோலைத்தான் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) என்போம். கார்பன் பாட் கால் வாட் தாங்கினாலே பெரிது. கடைசிப் பக்கம் போகும்போது மோட்டாரின் கரண்ட் முழுவதும் கார்பனின் நுனித் துண்டு வழியாகப் போகிறது, அது கருகத்தான் செய்யும். சுமைக்கு ஒயர்வவுண்ட் (கம்பி சுற்றிய பாட்) இருக்கிறது, ஆனால் அதுவும் கரண்டைச் சூடாக்கி வீணாக்கும். கரண்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் பிடபிள்யூஎம் போர்டு வாங்குங்கள். அதிலும் ஒரு பாட் இருக்கும், அது சிக்னலை மட்டும் சொல்லும், சுமையைத் தூக்காது.

இயற்பியல்_ஆசிரியை:
பிளஸ் டூ ஆய்வகத்தில் பார்த்த மின்னழுத்தமானியை நினைத்துப் பாருங்கள். மரப்பலகையில் 10 மீட்டர் கம்பி, அதன்மேல் ஜாக்கியை (தொடுமுனையை) வைத்து லெக்லாஞ்சி மின்கலத்தையும் டேனியல் மின்கலத்தையும் ஒப்பிடுவோமே, அதே கம்பியை வட்டமாக வளைத்து ஜாக்கியைத் தண்டில் பொருத்தினால் உங்கள் கண்ட்ரோல்தான். மூன்று கால்களையும் பயன்படுத்தினால் வோல்ட்டேஜைப் பிரிக்கும். இரண்டை மட்டும் பயன்படுத்தினால் அது மின்தடை மாற்றி. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், எந்தச் சர்க்யூட்டில் பாட் என்ன வேலை செய்கிறது என்று மாணவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள்.

தஞ்சை_ரேடியோ:
அளந்தேன். புதியது 24.6கே, பழையது 7.8கே. ஏ50கே வாங்கி மாட்டிவிட்டேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, குமிழ் பாதிக்கும் கீழே நிற்க, நாதஸ்வரம் கேட்டேன், அம்மா எழுந்திருக்கவில்லை. ப்ரீசெட்டைத் தொடவில்லை அண்ணா. ஆனால் திருப்பும்போது இடது ஸ்பீக்கரில் மட்டும் இன்னும் லேசாகக் கொரகொர. புதுக் கண்ட்ரோலிலுமா?

பட்டறைக்காரன்:
கண்ட்ரோல் மேல் பழி போடாதீர்கள். கண்ட்ரோலுக்கு முன்னால், டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்தால் டிசி கண்ட்ரோலுக்குள் வந்துவிடும், புதியதுகூடக் கொரகொரக்கும். பாட்டு எதுவும் ஓடாமல், வால்யூமை முழுதும் வைத்து, இடது சேனலின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் டிசி வோல்ட் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி இல்லையென்றால் அந்தக் கெப்பாசிட்டரை மாற்றுங்கள், வலது பக்கத்தையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழையதில் அது சிறிய எலக்ட்ரோலிட்டிக்காக இருந்தால் பாலாரிட்டி (பிளஸ், மைனஸ்) பார்த்துப் போடுங்கள்.